மேற்கணக்கு

ஜுனைதீன் முதலாளியின் மகள் கணிதம் படிக்கப் பேராதனைக்குப் போகிறாள் என்ற செய்தி பரவியபோது பதுளைக் கடைத்தெருவில் எழுந்தது ஒரே கேள்விதான்: கடைக்குக் கணக்கு எழுதவா இந்தப் பிள்ளை அவ்வளவு தூரம் போகிறது? பக்கத்துக் கடை மஹ்ரூப் அதை முதலாளியின் முகத்துக்கு நேரேயே கேட்டார். "கணக்குத் தெரிஞ்ச பொம்புளய முடிச்சா மாப்புளைக்குத்தான் கஷ்டம், நானா. ஒரு சல்லி ஒளிக்க ஏலா" என்று சொல்லிச் சிரித்தார். ஜுனைதீனும் சிரித்தார், மகளை அனுப்பியும் வைத்தார்.

உண்மையில் நளீரா அதற்கு முன்பே கடைக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள்தான். கடை முன்பக்கம், வீடு பின்பக்கம், நடுவே ஒரு பச்சைத் திரை. துணி, கம்பளி, தொப்பி வாங்கத் தோட்டத்து ஆட்கள் திரைக்கு அந்தப் பக்கம் வந்து போவார்கள். வீட்டுப் பெண்பிள்ளைகள் அந்தப் பக்கம் போவதில்லை. கணக்குப் புத்தகங்கள் மட்டும் திரையைத் தாண்டி உள்ளே வரும். வாப்பாவின் கையெழுத்தில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 'மேற்கணக்கு' என்று ஒரு வரி இருக்கும். முந்தின பக்கத்துக் கூட்டுத்தொகையை இறக்கி எழுதும் வரி அது. அதை மறுபடியும் சேர்த்துக் கூட்டினால் தொகை இரட்டித்துப் போகும். நளீரா முதன்முதலில் திட்டு வாங்கிக் கற்ற கணக்குப் பாடம் அதுதான்.

பட்டம் வாங்கித் திரும்பியவள் சில வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தாள். எண்பத்திரண்டில் ஒரு வாடகை வீட்டில் தோட்டச் சுகாதார ஆய்வு அலுவலகம் ஒன்று திறந்தது. வெளிநாட்டுப் பணம், உள்நாட்டு ஆட்கள். ஊவா மாகாணத்தின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் ஒரு வயதுக்குள் சாகும் குழந்தைகளை எண்ண வேண்டும். எங்கே அதிகம் சாகின்றன என்று வரைபடத்தில் காட்ட வேண்டும். அங்கே ஒரு மருத்துவச்சியை நிறுத்த வேண்டும். மருத்துவச்சிகள் கைவிரலில் எண்ணக்கூடிய அளவுதான் இருந்தார்கள். அவர்களை எந்தெந்த லயத்து வரிசை வீடுகளுக்கு அனுப்புவது என்பதைப் படம் சொல்லட்டும் என்றார் பொறுப்பாளர் டொக்டர் விஜேகோன். கணினி என்று ஒரு பெட்டி வந்து இறங்கியபோது அதைத் தொடத் துணிந்தவள் நளீரா ஒருத்திதான்.

அலுவலகத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் மாணிக்கராஜ், தோட்டத்தில் பிறந்து வளர்ந்த கிளார்க். இன்னொருத்தி நளீரா. எண்பத்திமூன்று ஆடிக் கலவரத்தில் மாணிக்கராஜ் குடியிருந்த வீடு எரிந்தது. அதுவரை பெட்டிக்கடியில் கிடந்த இந்தியப் பாஸ்போர்ட்டை அவர் எடுத்துத் தூசி தட்டினார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் மனைவி மக்களோடு இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னாருக்குப் புறப்பட ஆயத்தமானார்.

"போறதுக்கு முந்தி ஒரு நாள் ஒக்காந்து தோட்டத்துப் பேரெல்லாம் சொல்லிட்டுப் போறேன் மிஸ்" என்றார் அவர். "துரைமார் ஒரு பேரு வச்சிருப்பாங்க, நம்ம சனம் ஒரு பேரு சொல்லும். டவுன்காரங்களுக்கு வெளங்காது."

"வாப்பாட கடைக்கு வராத தோட்டம் ஒண்டு ஈக்கா? நீங்க சாமான் கட்டுற வேலயப் பாருங்க" என்றாள் நளீரா. அவருக்கு வேலை வைக்கக்கூடாது என்ற இரக்கத்தில்தான் சொன்னாள்.

"அதுவும் சரிதான். கடக்காரர் வீட்டுப் புள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கப் போனா ஊரு என்னயத்தான் சிரிக்கும்" என்று சொல்லிவிட்டு மாணிக்கராஜ் போய்விட்டார்.

அதற்குப் பிறகு தோட்டத்து மருந்துச் சாலைகளிலிருந்து மாதாமாதம் குழந்தைச் சாவுகளைக் குறித்து வரும் தமிழ்த் தாள்கள் எல்லாம் அவள் மேசைக்கு மட்டுமே வந்தன. அவள் எழுதியதைச் சரிபார்க்க வேறு கண் இல்லை.

வேலையின் சிக்கல் இதுதான். ஒவ்வொரு தோட்டப் பிரிவுக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு மாதத்துக்கும் ஒவ்வொரு நோய்க்கும் ஒரு நிரல் என்று போட்டால் பெரிய தாயம் ஒன்று வரும். தாயம் என்பது கணிதக்காரர்கள் எண்களை வரிசை நிரலாக அடுக்கும் பெட்டிக் கட்டம். அந்தக் கட்டத்தில் பெரும்பாலான அறைகள் காலி. கணினியோ சின்னது; முழுத் தாயத்தையும் அதன் நினைவில் ஏற்றினால் மூச்சுத் திணறி நின்றுவிடும். இப்படிக் காலியான அறைகள் மலிந்த தாயத்தை ஐதான தாயம் என்று பல்கலைக்கழகத்தில் படித்திருந்தாள். அதைக் கையாள ஒரு வழி உண்டு. வாப்பாவின் கடையில் பொத்தான் வைக்கும் சிறு இழுப்பறைகள் ஒரு சுவர் நிறைய இருந்தன. அலுமாரியையே தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. எந்த இழுப்பறையில் எத்தனை பொத்தான் என்று மட்டும் எழுதிக்கொண்டால் போதும். எழுதாத இழுப்பறை எல்லாம் காலி. நளீரா எழுதிய கணினி நிரல் அப்படித்தான் வேலை செய்தது. எண் இருக்கும் அறையை மட்டும் வைத்துக்கொள்ளும். மற்றதெல்லாம் பூச்சியம்.

திறந்து பார்த்துக் காலியாக இருந்த இழுப்பறை வேறு, யாருமே திறந்து பார்க்காத இழுப்பறை வேறு. இது அவளுக்குத் தெரியாததல்ல. தகவலே வராத அறைக்கு ஓர் அடையாளம் போட்டுப் பார்த்தாள். அடையாளங்களே நினைவை அடைத்துக்கொண்டன, கணினி நின்றது. டொக்டரிடம் கேட்டாள்.

"சாவை அறிவிப்பது சட்டப்படி கட்டாயம்" என்றார் அவர் ஆங்கிலத்தில். "அறிவிக்கவில்லை என்றால் சாவு இல்லை என்றுதான் அர்த்தம்."

அவள் அந்த அடையாளத்துக்கான வரிகளை அழித்தாள். கணினி ஓடியது.

அடுத்த தலைவலி வரைபடம். உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் இறக்குவதற்குப் படவெறியம் என்று பெயர். வட்டத் தொப்பியை மேசையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினால் எங்காவது ஒரு மடிப்பு விழும். எந்த இடத்தில் விழவிடுவது என்பதுதான் படவெறியக்காரர் எடுக்கும் முடிவு. கொழும்பிலிருந்து வந்த கணினி நிரல் அந்த முடிவை ஒழுங்காகவே எடுத்திருந்தது. பிழை வேறிடத்தில் இருந்தது. பழைய படத்தாள்களில் தூரம் 'யார்' என்ற கஜ அளவில், புதியவற்றில் மீற்றரில். நிரல் அந்தக் கஜத்தை மீற்றர் என்று எடுத்துக்கொண்டு, தூரங்களை அளக்கத் தொடங்கும் மலையுச்சியிலிருந்து எல்லாப் புள்ளிகளையும் வெளியே தள்ளிவிட்டது. ஊவாத் தோட்டங்கள் இரண்டு மைலுக்கு மேல் கிழக்கே வழுக்கிப் போயிருந்தன. பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்று அடுத்த பள்ளத்தாக்கில் இருந்தது. மொனராகலைப் பக்கத்து இறப்பர்த் தோட்டம் ஒன்றின் லயங்கள் ஒரு குளத்துக்குள் மூழ்கியிருந்தன.

நளீரா இதைக் கண்டுபிடித்தாள். வாரக்கணக்கில் உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளியையும் திரும்ப அதனதன் மலையில் ஏற்றினாள். லயத்தின் கூரை எங்கே இருக்கிறதோ அங்கே புள்ளி. டொக்டர் விஜேகோன் கூட்டத்தில் எழுந்து நின்று அவள் பெயரைச் சொன்னார். புள்ளி நிற்கும் இடத்தில் இவ்வளவு கண்ணாக இருந்தவள், புள்ளிக்குள் இருக்கும் எண்ணை எப்படிக் கோட்டைவிட்டாள் என்று பிறகு அவளே தன்னைக் கேட்டுக்கொள்ளாத நாள் இல்லை.

கோட்டைவிட்டது மூங்கிலங்கந்தைத் தோட்டத்தில். மருந்துச் சாலை டிஸ்பென்ஸர் யாகோப்பு சுத்தமான எழுத்துக்காரர். மாதத் தாளில் முதல் வரி 'மூங்கிலங்கந்தை, ஒன்று' என்றிருக்கும். அடுத்த வரி 'மேற்கணக்கு, மூன்று' என்றிருக்கும். மருந்துச் சாலையும் பேக்டரியும் கீழ்ப் பிரிவில் இருந்ததால் முதல் வரியை அவள் கீழ்ப் பிரிவில் போட்டாள். இரண்டாம் வரியைப் பார்த்ததும் வாப்பாவின் புத்தகம்தான் நினைவுக்கு வந்தது. முன்மாதத் தொகையை இறக்கி எழுதியிருக்கிறார், சேர்த்தால் இரட்டிக்கும், விட்டுவிட வேண்டும். விட்டுவிட்டாள். ஒரு மாதம் அந்த எண் முந்தின மாதத்தைவிடக் குறைந்திருந்தது. இறக்கி எழுதிய தொகை எப்படிக் குறையும் என்று பேனை ஒரு கணம் நின்றது. மனுஷன் பிழையாகக் கூட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு அடுத்த தாளை எடுத்தாள்.

படம் தயாரானது. சாவு அதிகமான பிரிவுகள் கறுப்பு, குறைந்தவை சாம்பல், இல்லாதவை வெள்ளை. மூங்கிலங்கந்தை மேல் பிரிவு பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. பரீட்சார்த்தமாக அங்கே றோசாலி என்ற மருத்துவச்சி, லயத்துச் சனம் சொல்கிறபடி 'மிஸ்ஸி', ஏற்கெனவே இருந்தாள். அதே தோட்டத்தில் பிறந்து பதுளையில் பயிற்சி பெற்றவள். வெள்ளைப் புள்ளியில் ஒரு மருத்துவச்சியை வைத்துக்கொண்டு கறுப்புப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கு மனம் வரும்? மொனராகலைப் பக்கத்து இறப்பர்த் தோட்டத்துக்கு அவளை மாற்றுவதென்று முடிவாயிற்று. படத்தோடு கடிதமும் கொழும்புக்குப் போனது.

ஆவணி மாதம் ஒரு முற்பகல் றோசாலி அலுவலகத்துக்கு வந்தாள். வெள்ளைச் சாறியின் கரையெல்லாம் சேறு. நாற்பது வயதிருக்கும். குடையை வாசலில் சாத்திவிட்டு நேரே உள்ளே வந்தாள்.

"படம் போட்டது யாருங்க?"

"நான்தான். இரிங்க."

"ஒக்கார நேரமில்ல மிஸ், பஸ் போயிரும். எங்க மேக்கணக்குல புள்ளைங்க சாகறதே இல்லன்னு படம் சொல்லுதாமே. அப்ப நான் குளிப்பாட்டித் துணி சுத்திக் குடுத்ததெல்லாம் பொம்மைங்களா?"

நளீராவுக்கு அந்த ஒரு சொல்தான் காதில் விழுந்தது. "எந்த மேற்கணக்கு?"

"எந்த மேக்கணக்கா? ஒரு தோட்டத்துக்கு எத்தன மேக்கணக்கு இருக்கும்? மேல இருக்கிற லயமெல்லாம் மேக்கணக்கு, பேக்டரிகிட்ட இருக்கிறது கீழ்க்கணக்கு. துரைமார் டிவிஷன்னுவாங்க. நாங்க கணக்குன்னுவோம். எங்க தாத்தன் காலத்துலருந்து அதான் பேரு."

நளீரா எழுந்து யாகோப்பின் தாள்களை எடுத்துவந்தாள். ஒவ்வொரு மாதத்திலும் இரண்டாவது வரி. ஒன்று, மூன்று, இரண்டு, மறுபடி இரண்டு. செய்ததை ஒளிக்காமல், நின்ற நிலையிலேயே றோசாலியிடம் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தாள்.

றோசாலி தாள்களைப் பார்த்தாள். நளீராவையும் பார்த்தாள். சத்தம் போடவில்லை.

"மூஞ்சியத் தொடைங்க மிஸ். அழுதா நேரந்தான் போவும். திருத்த முடியுமா, முடியாதா?"

"முடியும். இப்பவே திருத்துறன்."

"படத்தச் சொல்லல. என் மாத்தத்தச் சொல்றேன்." அவள் குரல் தாழ்ந்தது. "லயத்துக் கடைசியில இருக்கிற தொங்கக் காம்பராவுல செசிலின்னு ஒருத்தி இருக்கா. ஐப்பசிக் கடைசியில பெறுவா. முதல் ரெண்டும் தங்கல. ரெண்டும் இந்தத் தாள்லதான் எங்கயோ இருக்கு. இப்ப வயித்துல இருக்கிறது திரும்பாம காலக் கீழ வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கு. நான் இருந்தா வலிக்கு முந்தியே கூட்டியாந்து ஆஸ்பத்திரியில போட்டுருவேன். நான் இல்லாட்டி அவ மாமியாதான் பாப்பா. அந்தக் கெழவிக்குத் தல வர்ற புள்ளயத்தான் எடுக்கத் தெரியும்."

"உங்கள எப்ப போகச் சொல்லீக்கி?"

"புரட்டாசி முதல்ல. அதுக்குள்ள பாருங்க" என்று சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் நளீரா திரையை விலக்கிக்கொண்டு கடைக்குள்ளேயே போய்விட்டாள். துணி மடித்துக்கொண்டிருந்த ஜுனைதீன் நிமிர்ந்து பார்த்தார்.

"வாப்பா, மேக்கணக்கெண்டா என்ன?"

"எந்த மேக்கணக்கு மகள்? புத்தகத்துலயா, தோட்டத்துலயா?"

"தோட்டத்துல" என்றாள் அவள். அவருக்கு மெல்ல விளங்கியது. "ஒரு வார்த்த கேட்டீந்தா சொல்லீப்பனே" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

திருத்துவது சின்ன வேலை. விட்ட எண்களை அதனதன் அறையில் போட்டாள். மூங்கிலங்கந்தை மேல் பிரிவு, மாகாணத்திலேயே மிகக் கறுத்த புள்ளிகளில் ஒன்றாக வந்து நின்றது. அத்தோடு நிறுத்தாமல் மற்றத் தோட்டங்களின் தாள்களையும் தோண்டினாள். அங்கேயும் மேற்கணக்கு இருந்தது. பழைய கணக்கு, புதுக் கணக்கு என்றும் பிரிவுகள் இருந்தன; பழைய கணக்கைப் போன வருட நிலுவை என்று எடுத்துத் தள்ளியிருந்தாள். வெள்ளையாக இருந்த எத்தனையோ புள்ளிகள் இப்போது இருண்டன. புதுப் படத்தை டொக்டர் விஜேகோனின் மேசையில் விரித்தபோது, இதைப் பார்த்தால் எந்த மனிதரும் உடனே தொலைபேசியை எடுப்பார் என்று நம்பினாள்.

அவர் நெடுநேரம் பார்த்தார். கெட்ட மனிதர் அல்ல. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு புள்ளி பிழை என்றால் நானே கொழும்புக்குப் போய்ப் பேசியிருப்பேன்" என்றார். "இத்தனை பிழை என்றால் படமே பிழை. படமே பிழை என்றால் பணம் கொடுத்தவர்கள் கையை எடுத்துவிடுவார்கள். பிறகு ஒரு தோட்டத்துக்கும் மருத்துவச்சி கிடைக்காது."

"றோசாலியை மட்டும் அங்கேயே நிறுத்தி வைக்கலாமே சேர். ஐப்பசி முடியும்வரைக்கும்."

"அவள் போகும் இடமும் கறுப்புத்தான். அங்கேயும் யாரோ பிள்ளை பெறப்போகிறாள். அதற்கு என்ன சொல்கிறாய்?"

தையில் ஆய்வின் இரண்டாம் சுற்று வருகிறது, அப்போது எல்லாவற்றையும் சேர்த்துத் திருத்துவோம் என்றார் அவர். புதுப் படத்தைச் சுருட்டி அவள் கையிலேயே கொடுத்தார்.

நளீரா சும்மா இருக்கவில்லை. விடுப்பெடுத்துக்கொண்டு தோட்ட நிர்வாகத்தின் காரியாலயத்துக்குப் போனாள். மருத்துவச்சி சுகாதாரப் பகுதியின் ஆள், எங்களுக்கு அதிகாரம் இல்லை என்றார்கள். சுகாதாரப் பகுதிக்குப் போனாள். சம்பளம் ஆய்வுத் திட்டத்திலிருந்து வருகிறது, அங்கே கேளுங்கள் என்றார்கள். அது அவளுடைய அலுவலகமே. கொழும்புக்கு எழுதினாள், கடிதம் கிடைத்தது என்று பதில் வந்தது. சுருட்டிய படம் கக்கத்திலேயே கசங்கியது. விரித்துக் காட்டிய இடத்தில் எல்லாம் முதல் கேள்வி ஒன்றுதான்: டொக்டரின் கையொப்பம் எங்கே?

புரட்டாசியில் றோசாலி போனாள். பதுளை பஸ் நிலையத்தில் மொனராகலை பஸ்ஸுக்குக் காத்திருந்தவளை நளீரா போய்ப் பார்த்தாள். ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய்.

"யாகோப்பு ஐயாகிட்டச் சொல்லியிருக்கேன்" என்றாள் றோசாலி. "வலி கண்டதும் லொறியில ஏத்தி அனுப்பச் சொல்லியிருக்கேன். ஆனா அவரு கீழ இருக்காரு, அவ மேல இருக்கா. மழை பேஞ்சா அந்த ரோட்டுல கழுதகூடப் போவாது. நீங்க அவளக் கூட்டியாந்து டவுன்ல வச்சுக்க முடியுமா மிஸ்?"

நளீரா அதையும் செய்து பார்த்தாள். வாப்பா மறுக்கவில்லை, பின் அறையை ஒழித்தும் கொடுத்தார். யாகோப்பின் மூலம் சொல்லி அனுப்பினாள். செசிலியின் வீட்டார் வர மறுத்துவிட்டார்கள். டவுனில் முகம் தெரியாத ஒரு முஸ்லிம் வீட்டில் கர்ப்பிணியை எதற்காகக் கூப்பிடுகிறார்கள், என்ன காரியத்துக்கு என்று லயத்தில் பேச்சு எழுந்ததாம். கலவரம் நடந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. புருஷன் லயத்தை விட்டு யாரையும் அனுப்புவதாக இல்லை. அவன் பயந்ததில் பிழை சொல்ல முடியாது.

ஐப்பசி மழை அந்த வருடம் முன்கூட்டியே பிடித்தது. செசிலிக்கு வலியும் நாளுக்கு முந்தியே கண்டது. ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் காலைப் பெரட்டு நேரத்தில் நீர் உடைந்தது. மேல்பாதை மண் சரிந்து லொறி ஏறவில்லை. ஆட்கள் கம்பளியைக் கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்குவதென்று புறப்படுவதற்குள் குழந்தையின் கால்கள் வெளியே வந்துவிட்டன. மாமியார் தனக்குத் தெரிந்ததைச் செய்தாள், பிடித்து இழுத்தாள். உடம்பு வந்தது, கை வந்தது, தலை சிக்கிக்கொண்டது. அப்படிப்பட்ட நேரத்தில் இழுக்கக்கூடாது. தொங்கவிட்டு, தானாக இறங்கவிட்டு, பிறகுதான் தலையை எடுக்க வேண்டும். அது தெரிந்த ஆள் மொனராகலைப் பக்கம் இருந்தாள். ஆண் குழந்தை. யாகோப்பு வழுக்கி விழுந்து மேலே வந்து சேர்ந்தபோது அவர் பார்ப்பதற்குத் தாயின் இரத்தப்போக்கு மட்டும்தான் மிச்சம் இருந்தது. அதை நிறுத்தினார். செசிலி பிழைத்தாள்.

செய்தியை அவர் தொலைபேசியில் சொன்னார். "தாளும் அனுப்பியிருக்கேன் மிஸ். இந்த வாட்டி மேல் டிவிஷன்னே எழுதியிருக்கேன்" என்றார்.

ஒரு வாரம் கழித்து மழை விட்ட ஒரு நாளில் நளீரா மூங்கிலங்கந்தைக்குப் போனாள். போய் என்ன செய்வது என்று அவளுக்கே தெரியாது. நடந்தது யாரால் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டும், அதைத் தான்தான் போய்ச் சொல்ல வேண்டும் என்பது மட்டும் நிச்சயமாக இருந்தது. பேக்டரிவரை பஸ்ஸும் பிறகு காலும். மேலே போகப் போகக் காற்று குளிர்ந்தது. படத்தில் அவள் வைத்த அதே இடத்தில் லயங்கள் நின்றன.

செசிலியின் காம்பரா கடைசியில் இருந்தது. உள்ளே புகை. செசிலி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், இருபத்துமூன்று வயதிருக்கலாம். மார்பைச் சுற்றிக் கிழித்த சாறித் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பால் சுரந்து துணி நனைந்திருந்தது. மாமியார் ஒரு பலகைக்கட்டையை இழுத்துப் போட்டாள்.

"கொமட்டுதா? புகை அப்படித்தாங்க இருக்கும்" என்றாள் கிழவி.

நளீரா உட்கார்ந்து, வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததைச் சொன்னாள். றோசாலி மிஸ்ஸியை மாற்றியது தன்னால்தான். தாளில் இருந்ததைத் தான் பிழையாக வாசித்ததால்தான். இங்கே செத்த பிள்ளைகளைத் தான் எண்ணாமல் விட்டதால்தான்.

செசிலி கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "பெரிய எடத்துல போடற ஆர்டருக்கு நீங்க என்னங்க பண்ணுவீங்க" என்றாள். ஆறுதல் சொல்லும் குரல். நளீரா மறுபடியும் ஆரம்பத்திலிருந்து சொன்னாள். செசிலி தலையை ஆட்டினாள். "ஆண்டவர் எடுத்துக்கிட்டாரு" என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். கிழவி சாயத்தேத்தண்ணியை நீட்டினாள். கிழவியின் கையையே பார்த்துக்கொண்டு நளீரா அதைக் குடித்தாள்.

வெளியே வந்தபோது லயத்து வாசலில் நாலைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். வெள்ளை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு டவுனிலிருந்து ஒரு பொம்பளை செசிலி வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்ற செய்தி அதற்குள் மலை முழுக்கப் போயிருந்தது. அவர்களில் ஒருத்தி முன்னால் வந்தாள். கொழுந்துக் கூடையைக் கீழே வைத்தாள். இடுப்பில் சுற்றியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து, நளீராவின் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள்.

"பாத்துச் சொல்லுங்க மிஸ்ஸி. இதுவும் செசிலியது மாதிரித்தான் இருக்கா? தல எந்தப் பக்கம் இருக்கு?"

உள்ளங்கைக்கடியில் ஏதோ உருண்டது. தலையா, முழங்காலா, நளீராவுக்குத் தெரியவில்லை.

"நான் மிஸ்ஸி இல்ல" என்றாள்.

"அப்ப புது மிஸ்ஸி எப்பங்க வருவாங்க?"

"தையில வரும் எண்டு சொல்லீக்கி."

அந்தப் பெண் விரல்களை மடக்கி எண்ணினாள். "எனக்கு மார்கழியிலங்க" என்றாள். சாக்கை மறுபடி இடுப்பில் சுற்றிக் கட்டினாள். கூடையைத் தூக்கிக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, மற்றப் பெண்களோடு மலைக்கு ஏறிப் போனாள்.